கடன் யார் கணக்கில்?



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை நிறுவியவரைப் பற்றித் தலைவர் விரிவாகச் சொல்லிவிட்டார். அவர் விட்டுச்சென்ற பணத்தைப் பற்றி நான் இரண்டு வார்த்தை சொல்கிறேன். அது ஒரு வங்கியில் நிரந்தர வைப்பாக இருக்கிறது. ஆண்டுதோறும் வரும் வட்டியில்தான் இந்த ஒலிபெருக்கி, எனக்குப் போர்த்திய சால்வை, கூட்டம் முடிந்ததும் வரப்போகிற சுண்டல் எல்லாம். வங்கிகள் தாங்கள் திரட்டும் வைப்பில் 18 விழுக்காட்டை அரசுக் கடன் பத்திரம் போன்றவற்றில் போட்டு வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே இன்றைய சுண்டலில் ஒரு பங்கு, பொதுக்கடனுக்காக அரசு கட்டும் வட்டி. பொதுக்கடனைப் பற்றிப் பேச மேடையேறியவன் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எனக்குக் கொடுத்த தலைப்பு, நாடுகளின் பொதுக்கடனை ஒப்பிடுவது. நாளிதழில் நீங்கள் பார்த்திருக்கும் பட்டியல்தான். ஒவ்வொரு நாட்டின் அரசும் பட்டிருக்கும் கடனை, அந்த நாட்டின் ஓராண்டு மொத்த உள்நாட்டு உற்பத்தியால் வகுத்து, விழுக்காட்டில் சொல்லி, வரிசையாக அடுக்கியிருப்பார்கள். முன்வரிசையில் ஜப்பான் நிற்கும். அதன் கடன் உற்பத்தியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். சிங்கப்பூர் 170 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். அமெரிக்கா 120ஐ ஒட்டி. மத்திய அரசையும் மாநிலங்களையும் சேர்த்தால் இந்தியா 80ஐத் தாண்டி. இந்த வரிசையை மட்டும் நம்பிப் படிக்கிறவர், உலகத்திலேயே நொடித்துப்போன நாடு ஜப்பான் என்றும், சிங்கப்பூரில் இருக்கும் நம் உறவினர்களை உடனே ஊருக்கு வரச்சொல்ல வேண்டும் என்றும் முடிவு கட்டுவார்.

ஆனால் சென்னை மெட்ரோ ரயிலின் முதல் கட்டத்துக்குக் கடன் கொடுத்தது யார்? ஜப்பான் அரசின் ஜைக்கா நிறுவனம். அந்த முதல் கட்டத்தின் நீட்டிப்புதான் 2021 பிப்ரவரியில் தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி வழியாக விம்கோ நகர் வரை வந்தது. கடன் பட்டியலில் முன்னால் நிற்கும் நாடு, பட்டியலில் அதைவிட எவ்வளவோ கீழே இருக்கும் நமக்குக் கடன் கொடுக்கிறது. பல பத்தாண்டுகளாக, உலகத்துக்கே அதிகம் கடன் கொடுத்து வைத்திருக்கும் நாடுகளில் ஜப்பான் ஒன்று. இந்த முரண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான் இன்றைய பேச்சு. பட்டியல் பொய் சொல்கிறது என்பது என் வாதமில்லை. பட்டியல் கேட்காமல் விடும் இரண்டு கேள்விகள் உண்டு. கடன் யாரிடம், எந்தப் பணத்தில் வாங்கியது? அது யார் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது? இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல, வட சென்னையைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

முதல் கேள்வியைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து தொடங்கலாம். இரண்டு விசைப்படகு உரிமையாளர்கள். இருவருக்கும் பத்து லட்சம் கடன். ஒருவர் வங்கியில் வாங்கியவர். இன்னொருவர் ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கியவர். இவர் மீனை அந்த ஏலக்காரரிடமே இறக்க வேண்டும். அவர் பிடிக்கும் கமிஷனைக் கேள்வி கேட்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகு கரையில் கட்டிக் கிடக்கும்போது, வலைக்கும் எஞ்சினுக்கும் மறுபடி அவரிடமே போய் நிற்க வேண்டும். கணக்கு நோட்டில் இருவருக்கும் ஒரே பத்து லட்சம்தான்.

நாடுகளுக்கும் இப்படித்தான். ஜப்பான் அரசு வாங்கியிருக்கும் கடன் யென்னில். அதில் ஏறக்குறையப் பாதி அந்நாட்டு மத்திய வங்கியிடமே இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி ஜப்பானிய வங்கிகளிடமும் காப்பீட்டு நிறுவனங்களிடமும் ஓய்வூதிய நிதிகளிடமும் இருக்கிறது. வட்டியும் பல ஆண்டுகள் பூஜ்யத்தை ஒட்டியே கிடந்தது. 2024 மார்ச்சில்தான் ஜப்பான் வங்கி எதிர்மறை வட்டியைக் கைவிட்டது. இனி வட்டி ஏற ஏற அவர்களுக்கும் சுமை தெரியும். ஆனாலும் யென் இல்லாமல் ஜப்பான் அரசு நடுத்தெருவில் நிற்காது. சிங்கப்பூரின் கதை இன்னும் விசித்திரமானது. அந்த அரசு செலவுக்குப் பணமில்லாமல் கடன் வாங்கவில்லை. தொழிலாளர்களின் மத்திய சேமநிதிப் பணத்தை வாங்கிக்கொண்டு அதற்கென்று தனிப் பத்திரம் கொடுக்கிறது. வாங்கிய பணம் முதலீட்டுக்குப் போகிறது. கடனுக்கு எதிரே சொத்து நிற்கிறது. பட்டியலில் கடன் பக்கம் மட்டும் தெரிகிறது.

இப்போது இலங்கைக்கு வருகிறேன். 2019 முடிவில் இலங்கையின் கடன் உற்பத்தியில் 80 விழுக்காட்டைத் தாண்டி இருந்தது. கொரோனா ஆண்டில் இந்தியாவின் விகிதமும் 90ஐ நெருங்கியது. பட்டியலில் இரண்டும் அக்கம்பக்கத்து வீடுகள். மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு வீட்டில் அடுப்பு அணைந்தது, இன்னொன்றில் அணையவில்லை. காரணம் விகிதத்தில் இல்லை. இலங்கையின் கடனில் ஏறக்குறையப் பாதி வெளிநாட்டுப் பணத்தில் வாங்கியது. அதிலும் பெரும்பங்கு, சர்வதேசச் சந்தையில் டாலர் பத்திரங்களாக விற்றது. அந்தக் கடனை ரூபாய் அச்சடித்துத் தீர்க்க முடியாது. தேயிலை விற்று, ஆடை தைத்து, சுற்றுலாப் பயணியை அழைத்து டாலர் சம்பாதிக்க வேண்டும். 2019 இறுதியில் பதவிக்கு வந்த அரசு மதிப்புக்கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8ஆகக் குறைத்தது. அடுத்த ஆண்டே கொரோனா வந்து சுற்றுலா நின்றது. 2021இல் அரசின் வருவாயில் 70 விழுக்காட்டுக்கு மேல் வட்டிக்கே போனது. நூறு ரூபாய் வரி வந்தால் எழுபதை வட்டிக்கு எடுத்து வைத்துவிட்டு, மிச்சம் முப்பதில் ஆசிரியர் சம்பளமும் ஆஸ்பத்திரி மருந்தும் பார்க்க வேண்டிய நிலை. 2019 முடிவில் 760 கோடி டாலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு, 2022 மே மாதம் உபயோகிக்கக் கூடியது ஐந்து கோடி டாலர்கூட இல்லை என்று அந்நாட்டு நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் சொல்லும் அளவுக்குக் கரைந்தது.

2022 ஏப்ரல் 12 அன்று வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்தது. அதன்பின் ஒரு டாலர் பத்திர வட்டிக்கான 30 நாள் அவகாசம் மே 18 அன்று முடிந்தது. சுதந்திரம் பெற்ற பிறகு அந்த நாடு கடன் தவறியது அதுவே முதல்முறை. அதே மே 18 அன்றுதான் இங்கே, நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து, தமிழக அரசின் முதல் நிவாரணக் கப்பல் கொழும்புக்குப் புறப்பட்டது. முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்தார். 9,000 டன் அரிசி, 200 டன் பால்பவுடர், உயிர்காக்கும் மருந்துகள். நியூயார்க்கில் கடன்காரர்களின் வழக்கறிஞர்கள் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ராயபுரத்துக்குப் பக்கத்தில் அரிசி மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. கடன் தவறுவது என்றால் என்ன என்று பொருளாதாரப் பாடநூலில் தேடும் மாணவர்களுக்கு இதைச் சொல்கிறேன்: பால்பவுடர் வாங்க டாலர் இல்லாமல் போவது.

நமக்கும் 1991இல் ஏறக்குறைய இந்த நிலை வந்தது. அப்போதும் ஆபத்து மொத்தக் கடன் விகிதத்திலிருந்து வரவில்லை. சில வார இறக்குமதிக்கு மட்டுமே கையில் டாலர் இருந்தது. 47 டன் தங்கத்தை அடகு வைத்து மீண்டோம். அதிலிருந்து டெல்லி ஒரு பாடம் கற்றது. இன்று மத்திய அரசின் கடனில் வெளிநாட்டுக் கடன் மிகச் சிறிய பங்குதான். மீதியெல்லாம் ரூபாயில், உள்நாட்டில். 2023 டிசம்பரில் பன்னாட்டு நிதியம், மோசமான சூழல் வந்தால் இந்தியாவின் கடன் உற்பத்தியில் 100 விழுக்காட்டைத் தாண்டக்கூடும் என்று எழுதியபோது, நிதியமைச்சகம் கொடுத்த மறுப்பில் முக்கியமான வாதம் இதுதான்: எங்கள் கடன் பெரும்பாலும் ரூபாயில் இருக்கிறது.

சரியான வாதம். ஆனால் பாதிதான் சரி. உள்நாட்டுக் கடன் என்றால் நமக்கு நாமே கடன், ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போடுவது என்று சொல்லிச் சமாதானம் அடைகிறவர்கள் உண்டு. தொழிற்சங்கத் தோழர்கள் அமர்ந்திருக்கும் இந்த அரங்கில் அது செல்லாது. எண்ணூர் அசோக் லேலண்டில் நிரந்தரத் தொழிலாளியாக இருப்பவரின் சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறார்கள். வருங்கால வைப்புநிதி நிறுவனம் அந்தப் பணத்தில் பெரும்பகுதியை மத்திய, மாநில அரசுப் பத்திரங்களில் போடுகிறது. ஆகவே அவர் அரசுக்குக் கடன் கொடுத்தவர். வட்டி அவருக்கு வரும். அதே வாசலில் ஒப்பந்தக்காரரின் ஆளாக, பி.எஃப். ஒழுங்காகக் கட்டப்படாமல் உள்ளே போகிறவர் இருக்கிறார். காசிமேட்டில் கூடை சுமக்கும் பெண் இருக்கிறார். அவர்கள் அரசுக்குக் கடன் கொடுத்தவர்கள் இல்லை. ஆனால் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் ஜி.எஸ்.டி. கட்டுகிறார்கள், அந்த வரியிலிருந்துதான் வட்டி போகிறது. இரண்டு பையும் ஒரே சட்டையில் இருந்தால் பிரச்சினை இல்லை. ஒரு பை ஒருவர் சட்டையில், இன்னொன்று இன்னொருவர் முந்தானையில் இருக்கிறது. உள்நாட்டுக் கடன் நாட்டை நொடிக்க வைக்காது; நாட்டுக்குள்ளேயே இல்லாதவரிடமிருந்து இருப்பவருக்குப் பணத்தை மெல்ல நகர்த்தும். எந்த நாட்டுப் பட்டியலிலும் இதற்கு ஒரு பத்தி கிடையாது.

இனி இரண்டாவது கேள்வி. கடன் யார் கணக்கில்?

ராயபுரம் ரயில் நிலையம் உங்களுக்குத் தெரியும். 1856 ஜூலை 1 முதல் அங்கிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். தூண்கள் வைத்த அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. கட்டியது மதராஸ் ரயில்வே கம்பெனி என்ற லண்டன் தனியார் நிறுவனம். பணம் போட்டவர்கள் ஆங்கிலேயப் பங்குதாரர்கள். ஏட்டைப் பார்த்தால் இதில் இந்திய அரசின் கடன் ஒரு காசுகூட இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. பங்குதாரர்களுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வருமானம் உறுதி. ரயில் அவ்வளவு சம்பாதிக்காவிட்டால், குறையும் தொகையை இந்திய வருவாயிலிருந்து ஈடுகட்ட வேண்டும். இன்றைய நிதித்துறை மொழியில் இதை உத்தரவாதம் என்பார்கள். இலாபம் வந்தால் கம்பெனிக்கு, நட்டம் வந்தால் செங்கல்பட்டு விவசாயியின் நிலவரிக்கு. இந்தியாவின் நிதிப் பொறுப்பில் இருந்த வில்லியம் மேசி, 1872இல் லண்டனில் நாடாளுமன்றக் குழுவின் முன், 5 விழுக்காடு உறுதியாகக் கிடைக்கும்போது போட்ட பணத்தை ஹூக்ளி ஆற்றில் கொட்டினாலும் செங்கலும் சாந்துமாக மாற்றினாலும் பங்குதாரருக்கு ஒன்றுதான் என்ற பொருளில் சாட்சி சொன்னார். சொந்தப் பணம் ஆபத்தில் இல்லாதவர் சிக்கனம் பார்க்க மாட்டார் என்பதை இதைவிட நேராக ஒரு அதிகாரி சொல்லி நான் படித்ததில்லை.

அந்தக் காலத்தில் இந்தியாவின் பொதுக்கடனை வேறு நாட்டோடு ஒப்பிட்டு ஒருவர் பட்டியல் போட்டிருந்தால், அதில் என்னென்ன இருந்திருக்கும்? 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவு இந்தியாவின் கடனாக எழுதப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குதாரர்களுக்கு 1833 சட்டப்படி ஆண்டுக்கு 6,30,000 பவுண்டு ஈவு இந்திய வருவாயிலிருந்து போனது. 1874இல் அவர்கள் பங்கை 1 கோடியே 20 லட்சம் பவுண்டு கொடுத்து மீட்டதும் இந்தியாவின் தலையில். நாட்டைப் பிடித்தவனுக்குக் கொடுத்த விலையை, பிடிபட்ட நாடே கடனாகச் சுமந்தது.

இந்தக் கணக்கைத் தோண்டி எடுத்தவர்களில் முக்கியமானவர் நம் ஊர்க்காரர். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. லண்டனில் பட்டயக் கணக்காளராகத் தேறி, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி படித்து, இந்திய வறுமையில் அரசின் வரவு செலவுக்கு என்ன பங்கு என்று ஆய்வு எழுதியவர். காந்தி அதைத் தம் யங் இந்தியா இதழில் வெளியிட்டார். 1931இல், இந்தியாவும் பிரிட்டனும் ஒருவருக்கொருவர் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்று ஆராய காங்கிரஸ் ஒரு குழு அமைத்தது. பகதூர்ஜி, கே.டி. ஷா, புலாபாய் தேசாய் ஆகியோருடன் குமரப்பா அதன் அமைப்பாளராக இருந்தார். கம்பெனி நடத்திய போர்கள், 1857 செலவு, முதல் உலகப் போருக்கு இந்தியா கொடுத்ததாகச் சொல்லப்பட்ட 10 கோடி பவுண்டு அன்பளிப்பு என்று வரிவரியாக எடுத்து, இதில் எது இந்தியாவுக்காக வாங்கிய கடன் என்று அவர்கள் கேட்டார்கள். கடன் எவ்வளவு என்று உலகம் கேட்டுக்கொண்டிருந்தபோது, யாருடைய கடன் என்று கேட்ட தமிழர் அவர். குமரப்பாவைக் கிராமத் தொழில், செக்கு எண்ணெய் என்று ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டோம். நிதி படிக்கும் மாணவர்கள் அவரை அங்கிருந்து மீட்டெடுக்க வேண்டும்.

ராயபுரத்தின் 5 விழுக்காடு பழங்கதை என்று நினைத்தால் அப்படியே வடக்கே வாருங்கள். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கி 2017 மார்ச் 31 அன்று மூடப்பட்டது. அத்திப்பட்டில் வட சென்னை அனல்மின் நிலையம் 1990களில் வந்து, அடுத்தடுத்த கட்டங்களாக வளர்ந்து நிற்கிறது. இவற்றை நடத்தும் மின்வாரியம் தனி நிறுவனம். அதன் கடன் அரசின் கடன் பத்தியில் வராது. ஆனால் அந்தக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்திருப்பது மாநில அரசு. 1856இல் ரயில்வே கம்பெனி, இன்று வாரியம். கம்பெனி தனியாருடையது, வாரியம் நம்முடையது. அந்த வேறுபாட்டை நான் சிறிதாக்கவில்லை. ஏட்டில் இரண்டும் ஒரே இடத்தில்தான் ஒளிந்திருக்கின்றன.

2017 ஜனவரியில் தமிழ்நாடு, மின் நிறுவனங்களின் கடனைச் சீரமைக்கும் மத்திய அரசின் உதய் திட்டத்தில் சேர்ந்தது. மின்வாரியக் கடனில் முக்கால் பங்கு, 22,815 கோடி ரூபாய், மாநில அரசின் கணக்குக்கு மாறியது. அந்த மாற்றத்தில் யாரும் புதிதாக ஒரு ரூபாய் கடன் வாங்கவில்லை. ஒரு பாலம்கூடப் புதிதாகக் கட்டவில்லை. ஆனால் மாநிலத்தின் கடன் 22,815 கோடி கூடியது. பட்டியல் போடுகிறவர் தமிழ்நாடு ஓராண்டில் இவ்வளவு ஊதாரியாகிவிட்டது என்று எழுதலாம், எழுதினார்கள்.

இதற்கு நேர் எதிரான காட்சியும் நம் கடற்கரையிலேயே உண்டு. எண்ணூர்த் துறைமுகம் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்க, ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுதவியோடு கட்டப்பட்டு 2001இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் காமராசர் பெயர் பெற்றது. ராயபுரம் மக்கள் வீட்டுத் திண்ணையில் கரித்தூள் துடைத்துச் சலித்து வழக்கு நடந்து, 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி சென்னைத் துறைமுகத்திலிருந்து நிலக்கரியும் இரும்புத்தாதுவும் வெளியேறின. பெருத்த வருவாயை இழந்த அதே சென்னைத் துறைமுகம்தான், 2020 மார்ச்சில் காமராசர் துறைமுகத்தில் மத்திய அரசுக்கு இருந்த 66.67 விழுக்காடு பங்கை 2,383 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியது. டெல்லியின் ஏட்டில் அது பங்கு விற்பனை வரவு. அந்த ஆண்டுப் பற்றாக்குறை அந்த அளவுக்குக் குறைந்தது. விற்றவர் மத்திய அரசு. வாங்கியது மத்திய அரசுக்குச் சொந்தமான துறைமுகம். விற்கப்பட்ட பொருள் அதே கரையில், அதே அரசின் கையில் இருக்கிறது. இதை நான் மோசடி என்று சொல்லவில்லை, விதிப்படிதான் நடந்தது. ஆனால் பற்றாக்குறை குறைந்தது என்று எழுதுகிறவர் எதைக் கொண்டாடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

மெட்ரோ இரண்டாம் கட்டம் இன்னும் சுவையானது. பல ஆண்டுகள் அது மாநிலத் திட்டமாக இருந்தது; வெளிநாட்டு வங்கிகளின் கடன் மாநிலத்தின் கடன் வரம்பில் எழுதப்பட்டது. 2024 அக்டோபர் 3 அன்று மத்திய அமைச்சரவை 63,246 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்தியத் திட்டமாக ஏற்றது. சுரங்கம் தோண்டும் இயந்திரம் அதே இடத்தில் சுழன்றுகொண்டிருந்தது. கடன் மட்டும் இடம் மாறியது.

கடன் யார் கணக்கில் என்ற கேள்வியைக் கேரளம் உச்ச நீதிமன்றத்துக்கே கொண்டுபோனது. மாநில நிறுவனங்கள் பட்ஜெட்டுக்கு வெளியே வாங்கும் கடனையும் மாநிலத்தின் வரம்பில் சேர்ப்போம் என்று மத்திய அரசு சொன்னபோது, மாநிலங்கள் கடன் வாங்குவது பற்றிய அரசியல் சட்டத்தின் 293ஆம் பிரிவு உங்களுக்கு அந்த உரிமையைத் தருகிறதா என்று கேட்டது. 2024 ஏப்ரலில் வழக்கு அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது. மத்திய அரசுக்கும் இதே பழக்கம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். உணவு மானியத்தைக் கொடுக்காமல் இந்திய உணவுக் கழகத்தைச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்க வைத்து, பல ஆண்டுகள் தன் பற்றாக்குறையைச் சிறிதாகக் காட்டியது. 2021 பட்ஜெட்டில்தான் அது வெளிப்படையாகக் கணக்குக்குள் வந்தது. சீனாவில் உள்ளாட்சிகள் தனி நிறுவனங்கள் வைத்து வாங்கிய கடனைச் சேர்த்தால் ஒரு எண், சேர்க்காவிட்டால் வேறொரு எண். கிரேக்கம் 2009இல் தன் பற்றாக்குறை உற்பத்தியில் 4 விழுக்காட்டுக்குள் என்றது. திருத்தித் திருத்திக் கடைசியில் 15ஐத் தாண்டியது. எல்லா நாட்டு நிதியமைச்சர்களும் இந்த ஒரு கலையில் உறவினர்கள்.

கீழே வகுக்கும் எண்ணும் நம்மை ஏய்க்கும். 2015இல் ஐயர்லாந்தின் உற்பத்தி ஒரே ஆண்டில் 26 விழுக்காடு வளர்ந்ததாகக் கணக்கு வந்தது. பெரும் பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் சொத்தையும் காப்புரிமையையும் அங்கே பதிவு மாற்றியதுதான் காரணம். கடன் விகிதம் சரசரவென்று இறங்கியது. டப்ளின்காரர் எவருக்கும் சட்டைப்பை கனக்கவில்லை.

இவ்வளவு கோளாறான எண்களை வைத்துக்கொண்டு எல்லைக்கோடு போடுவதற்கும் ஆள் உண்டு. 2010இல் ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற பொருளாதாரப் பேராசிரியர்கள் இருவர், கடன் உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் நாட்டின் வளர்ச்சி படுத்துவிடும் என்று எழுதினார்கள். ஐரோப்பாவில் ஓய்வூதியத்தை வெட்டியவர்கள் இதை வேதவாக்காகக் காட்டினார்கள். 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. கணக்குத்தாளை வாங்கிப் பார்த்தால், ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் என்று ஐந்து நாடுகளின் வரிசைகள் கூட்டலில் விடுபட்டிருந்தன. இதையும் வேறு சில தேர்வுகளையும் சரிசெய்தபோது, அதிகக் கடன் நாடுகளின் சராசரி வளர்ச்சி, கழித்தல் 0.1 விழுக்காட்டிலிருந்து கூட்டல் 2.2ஆக மாறியது. பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவர்கள் ஹெர்ண்டனின் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் போட்ட கூட்டலை மறுபடி போட்டுப் பார்ப்பதும் ஆராய்ச்சிதான்.

அப்படியானால் கடனைப் பற்றிக் கவலையே வேண்டாமா? வேண்டும். நான் கவலைப்படும் எண் வேறு. அரசின் வருவாயில் எத்தனை பங்கு வட்டிக்குப் போகிறது என்பது. அதை மறைப்பது கடினம்; வட்டி ரொக்கமாகக் கொடுக்க வேண்டியது. 2025–26 மத்திய பட்ஜெட்டில் வருவாய் வரவு மதிப்பீடு 34.20 லட்சம் கோடி ரூபாய். வட்டிச் செலவு 12.76 லட்சம் கோடி. நூறு ரூபாயில் 37 ரூபாய். தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ரூபாயில் இருக்கும் கடன் பாதுகாப்பானது என்று டெல்லி சொல்வது உண்மைதான். அந்தப் பாதுகாப்புக்கு நாம் ஆண்டுதோறும் இந்த 37 ரூபாயைக் கட்டுகிறோம்.

தமிழ்நாட்டுக் கணக்கையும் சொல்லி முடிக்கிறேன். 2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய்ப் பொதுக்கடன் என்றது. அந்த எண் பிரபலமானது, மேடைதோறும் ஒலித்தது. அந்த அறிக்கையில் அதைவிட மதிப்புள்ள பகுதி, மின்வாரியத்தின் கடனையும் அரசு கொடுத்த உத்தரவாதத்தையும் திறந்து காட்டிய பகுதி. அதை மேடையில் யாரும் பேசவில்லை. 2025–26 பட்ஜெட், 2026 மார்ச் முடிவில் மாநிலக் கடன் 9,29,959 கோடி ரூபாய் இருக்கும் என்றது. மாநில உற்பத்தியில் 26.07 விழுக்காடு. தொகையைச் சொல்லி எதிர்க்கட்சி அலறும், விழுக்காட்டைச் சொல்லி ஆளுங்கட்சி மார்தட்டும். நாற்காலி மாறினால் வசனமும் மாறும். பஞ்சாபின் விகிதம் 40ஐத் தாண்டியது, எங்களுடையது 26 என்பது உண்மையான ஆறுதல்தான். வாரியக் கடனைச் சேர்த்த பிறகும் அந்த ஆறுதல் எவ்வளவு மிஞ்சும் என்று இரு தரப்பும் சொல்வதில்லை.

ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட் ஆவணங்களோடு, அரசு எந்தெந்த நிறுவனத்தின் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்திருக்கிறது என்ற விவரமும் வெளியிடப்படுகிறது. நிதித்துறை இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். சில பக்கங்கள்தான். இந்த அறக்கட்டளையின் அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு என்னைப்போல் வெளியாள் தேவையில்லை. இந்தக் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர், அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு, பத்தாண்டுக் கணக்கைக் கூட்டி, இதே மேடையில் வாசிக்கட்டும். நிர்வாகத்தாருக்கு என் வேண்டுகோள் இதுதான்.